டயர் சென்சார் மாற்றுகிறவர்கள் கவனத்திற்கு: சேலத்தில் 14,800 ரூபாய் போனது

சேலம் புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு பெரிய டயர் கடையில், காரின் டயர் காற்றழுத்த சென்சார்களை மாற்றுவதற்கென்று 14,800 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். விடுமுறைக்கு ஏற்காடு கிளம்பும் குடும்பங்கள் பலவும் இத்தகைய கடைகளில்தான் டயர் பார்க்கின்றன என்பதால், கோபம் ஆறும்வரை காத்திராமல் இப்போதே எழுதுகிறேன்.

ஏழு வயதான என் காரில், நான்கு சக்கரங்களுக்குள்ளும் வால்வோடு சேர்ந்து ஒரு சென்சார் உண்டு. அதன் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, தீர்ந்துவிட்டால் சென்சாரையே மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். கழற்றிய ஒன்றை உள்ளங்கையில் வைத்து, அலுமினிய வால்வின் மரையில் வெள்ளையாகப் பூத்திருந்த அரிப்பை நகத்தால் சுரண்டிக் காட்டி, "உள்ளே பித்தளை பின் போட்டா இப்படித்தான் சார் அரிச்சிடும், நாங்க நிக்கல் பூசினதுதான் போடுவோம்" என்றார். தொழிலை இவ்வளவு நுணுக்கமாக அறிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? நம்பித்தான் 14,800 ரூபாயைக் கொடுத்தேன். பழைய சென்சார்களைக் கேட்டபோது குப்பைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பில்லில் "சென்சார் செட்" என்ற ஒரே வரிதான் இருந்தது.

ஏற்காடு அடிவாரத்தில் நிறுத்தி மறுபடி வண்டியை எடுத்தபோது, டாஷ்போர்டில் டயர் காற்றழுத்தத்தை எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு ஒரு நிமிடம்போல மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தது. தொலைபேசியில் கேட்டால், "மலையில குளிர் சார், காத்து இறங்கியிருக்கும்" என்றார். குளிரில் அழுத்தம் குறைவது உண்மை. ஆனால் அதற்கு விளக்கு மினுக்காமல் எரியும், மினுக்கினால் கோளாறு சென்சார் அமைப்பில்தான் என்று வண்டியின் கையேட்டிலேயே இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும், எந்தச் சக்கரத்தில் காற்று எவ்வளவு என்று தெரியாமல், குழந்தைகளை வைத்துக்கொண்டு ஏறி இறங்கினோம். திரும்பி வந்து கடைக்கே போனபோது, "ஓட்ட ஓட்டத் தானா அணைஞ்சிடும்" என்றார்கள்; அடுத்த முறை, "சாஃப்ட்வேர் பிரச்சினை, ஷோரூம்ல கேளுங்க"; அதற்குப் பிறகு முதலாளி ஊரிலேயே இல்லை.

கடைசியில் சூரமங்கலம் பக்கம் ஒரு சிறிய மெக்கானிக், சென்சார் படிக்கும் கருவியை ஒவ்வொரு வால்வின் அருகிலும் பிடித்துப் பார்த்தார். முன்சக்கரங்கள் இரண்டும் பதில் தந்தன, ஆனால் அவற்றின் அடையாள எண்கள் வண்டியில் பதியப்படவே இல்லை. பின்சக்கரங்கள் ஊமை. டயரைப் பிரித்தால், சென்சாரே கிடையாது. வெறும் ரப்பர் வால்வு! 14,800 ரூபாய்க்கு இரண்டு சக்கரம் காலி.

ஷோரூமில்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையைக் கண்டுபிடித்தவரும் வெளி மெக்கானிக்தான். டயரை மூடும்முன் நான்கு சென்சாரையும் கண்ணால் பாருங்கள், பழையவற்றைக் கையோடு வாங்குங்கள், எண்களைப் பதிந்து நான்கும் பதில் தருவதைக் கருவியில் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் அளித்துவிட்டேன். 14,800 ரூபாய் இன்னும் திரும்பவில்லை.