வார்ஃப்டேல் லின்டன் ஹெரிடேஜ்: கச்சேரி கேட்பவருக்கு ஏற்ற ஸ்பீக்கரா?

வீட்டில் பாட்டுக் கேட்க நல்ல ஸ்பீக்கர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். இதமான, கனிந்த ஒலி போதும் என்பவர்கள் ஒரு பக்கம். சின்னஞ்சிறு ஓசையும் தனித்துக் கேட்டாக வேண்டும் என்பவர்கள் மறுபக்கம். வார்ஃப்டேல் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட லின்டன் ஹெரிடேஜ் இவ்விரண்டையும் பெருமளவுக்குச் சேர்த்தே தருகிறது என்பது என் கருத்து. ஆனால் அதற்கு அறையும் ஒத்துழைக்க வேண்டும்.

கில்பர்ட் பிரிக்ஸ் 1932-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் தொடங்கிய நிறுவனம் இது. லின்டன் என்ற பெயரும் அதனிடம் 1960களிலிருந்தே இருந்துவருகிறது. இப்போதைய லின்டனில் தாழ்ந்த ஒலிகளுக்கு 200 மில்லிமீட்டர் வூஃபர், நடுத்தர ஒலிகளுக்கு 135 மில்லிமீட்டர் நடு ஸ்பீக்கர், உச்ச ஒலிகளுக்கு 25 மில்லிமீட்டர் மென்துணி ட்வீட்டர் ஆகிய மூன்றும் உள்ளன. ஏறத்தாழ 630 ஹெர்ட்ஸிலிருந்து 2,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை நடு ஸ்பீக்கர் ஒன்றே ஏற்றுக்கொள்வதால், பாடகரின் சொற்களைத் தெளிவாக்கும் அதிர்வெண்களில் பெரும்பகுதி இரண்டு ஸ்பீக்கர்களுக்கிடையே சிதறாமல் ஒரே இடத்திலிருந்து வருகிறது. குரல் முழுமையாகவும் அதே வேளையில் தெளிவாகவும் ஒலிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதன் பலன் கர்நாடக இசைப் பதிவுகளில் நன்றாகத் தெரிகிறது. வீணையில் ஒரே மீட்டில் இழைக்கப்படும் கமகத்தைக் கவனித்தால், நரம்பைத் தொட்ட விரலின் மெல்லிய உரசலும், அதன் பின் குடத்திலிருந்து எழும் கார்வையும் ஒன்றையொன்று மறைக்காமல் அடுத்தடுத்து வந்து சேர்கின்றன. ஆண் குரலின் கீழ்ஸ்தாயிக்கு நெஞ்சின் கனம் கிடைக்கிறது. ஆனாலும் சாகித்தியத்தின் வல்லின எழுத்துகள் மழுங்குவதில்லை. தம்புராவின் தந்திகளுக்கு அடியில் செருகும் ஜீவா நூல் தரும் ரீங்காரம் மட்டும் சற்றே பின்வாங்கி ஒலிக்கிறது. உச்ச அதிர்வெண்களில் இந்த ஸ்பீக்கர் காட்டும் அடக்கத்துக்கு அது ஓர் அடையாளம்.

அறையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். வெறும் பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட நம் கூடங்களில் மேல் அதிர்வெண்கள் சுவருக்குச் சுவர் மோதி எதிரொலிக்கின்றன. அந்தக் கூச்சலையே பலர் நுணுக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். லின்டனின் அடங்கிய ட்வீட்டர் அத்தகைய அறைக்கு மிகவும் பொருந்தும். சிக்கல் இருப்பது கீழ்ப்பகுதியில்தான். பெட்டியின் பின்புறத்தில் இரண்டு காற்றுத் துளைகள் உள்ளன. சுவரை ஒட்டி வைத்தால் தாழ்ந்த அதிர்வெண்கள் 6 டெசிபெல் வரைகூட உயரக்கூடும். அப்போது மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியை அழுத்தி வளைக்கும்போது எழும் கும்கி தன் ஏற்ற இறக்கத்தை இழந்து, வெறும் கும்மென்ற முழக்கமாகிவிடுகிறது. பெட்டியைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னுக்கு இழுத்து வைத்த பிறகுதான் அந்த வளைவும், வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு என்ற அடியும் தனித்தனியே துலங்கின. தரையில் ஒரு கனமான ஜமுக்காளத்தையும் விரித்துவிட்டால் ஸ்பீக்கரின் உண்மையான குணம் வெளிப்படும். இதையெல்லாம் செய்யாமல் லின்டனை மந்தமானது என்று ஒதுக்குவது அதற்கு இழைக்கும் அநீதி.

முகப்புத் துணியைக் கழற்றாமல் கேட்பதே நல்லது. அதையும் கணக்கில் கொண்டே இதன் ஒலியை வடிவமைத்திருக்கிறார்கள்.

கெஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 மெட்டாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பாடகர், வயலின், மிருதங்கம் ஒவ்வொன்றும் மேடையில் அமர்ந்திருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டுவதில் மெட்டாவே ஒரு படி மேல். ஆனால் 130 மில்லிமீட்டர் அளவேயான ஒற்றை ஸ்பீக்கர் தொகுதியால், நாகஸ்வரத்துக்குத் துணைவரும் தவிலின் வீச்சை லின்டன் அளவுக்குத் தாங்க முடியாது. சிறிய அறையில், தாழ்ந்த ஒலியளவில் கேட்பவர்கள் மெட்டாவை வாங்கலாம். கூடத்தில் குடும்பத்தோடு அமர்ந்து முழுக் கச்சேரி கேட்பவர்களுக்கு லின்டனைத்தான் சொல்வேன்.

ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைக் காட்டும் உணர்திறன் 90 டெசிபெல் என்பதால் பெரிய வாட் கணக்கு தேவையில்லை. இயல்பிலேயே கனிந்த ஒலி தரும் வால்வு ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தால் மென்மை அளவு மீறிவிடும். தெளிவான, நடுநிலையான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரே இதற்குச் சரியான துணை. ஒவ்வொரு பெட்டியும் சுமார் 18 கிலோ எடையுள்ளது. ஆகவே இதற்கென்றே செய்யப்பட்ட ஸ்டாண்டையும் சேர்த்து வாங்கிவிடுவது உத்தமம்.