பழைய காசை கிரேடிங்குக்கு அனுப்பலாமா? திருநெல்வேலியில இருந்து ஒரு ரிவ்யூ

நம்ம பக்கத்துல காசு சேக்குத அண்ணாச்சிமாரு அடிக்கடி கேக்குத கேள்வி, கிரேடிங் பண்ணி, அதாவது காசோட தரத்தைப் பாத்து ஒரு நம்பர் போட்டு, பிளாஸ்டிக் டப்பால அடைச்சு வாங்குனா விலை கூடுமான்னு. நான் ஒரு இந்திய கம்பெனிக்கு கொஞ்சம் வெள்ளி ரூபா அனுப்பி வாங்கிருக்கேன், குறையும் சொல்லப் போறதால பேரு வேண்டாம். என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிருதேன், நம்பருக்காக அனுப்பாதீங்க, ஒரிஜினலா போலியான்னு தெரியணும்னா தாராளமா அனுப்புங்க.

காசை எடை போட்டு விட்டம் அளந்து ஒண்ணுக்கு மேல ஆளுக தனித்தனியா பாத்து 1-ல இருந்து 70 வரைக்கும் ஒரு நம்பர் போடுவாங்க. இந்தக் கணக்கு 1949-ல ஷெல்டன்னு ஒரு அமெரிக்கக்காரரு அவங்க ஊரு செப்பு சென்டுக்குன்னு கொண்டு வந்தது, 1986-ல பிசிஜிஎஸ், 1987-ல என்ஜிசின்னு அங்க கிரேடிங் கம்பெனிக வந்த பொறவு எல்லாக் காசுக்கும் இதே அளவுன்னு ஆயிட்டு. 60-ம் அதுக்கு மேலயும்னா புழக்கத்துக்கே போகாத காசு.

வந்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது 1911 அஞ்சாம் ஜார்ஜ் ரூபா. ராஜா அங்கியில இருக்க யானைக்கு தும்பிக்கை குட்டையா விழுந்து பாக்க பன்னி மாதிரி தெரியுதுன்னு அப்ப பெரிய பிரச்சினையாயி அடுத்த வருசமே அச்சை மாத்துனாங்க, பன்னி ரூபான்னு சொல்லுதது இதைத்தான். டப்பாவோட வச்சு லூப்புல (பூதக்கண்ணாடியில) பாத்தாலும் அந்தக் குட்டைத் தும்பிக்கை சுத்தமா தெரியுது, பிளாஸ்டிக்குல ஒரு மங்கல் கிடையாது, ஓரத்து வெட்டும் தெரியுத மாதிரி நாலு இடத்துல மட்டும் காசைப் பிடிச்சிருக்கு. இந்த வேலைக்கு முழு மார்க் குடுக்கலாம்.

கல்லிடைக்குறிச்சி அத்தை வீட்டு 1862 விக்டோரியா ரூபாயும் அதோட போச்சு. அதை எந்தக் காலத்துலயோ யாரோ குத்துவிளக்கோட சேத்து புளி போட்டு தேச்சிருக்காங்க. நம்பரே இல்லாம டீடெய்ல்ஸ், கிளீன்டுன்னு, அதாவது தேச்சுக் கெடுத்த காசுன்னு எழுதி வந்துட்டு. அத்தைக்கு மனசே ஆறல, பளபளன்னுதானல இருக்கு இதுல என்ன கொறையக் கண்டாங்கன்னு கேட்டா. லைட்டுக்குக் கீழ சாச்சு காமிச்சேன், விக்டோரியா கன்னத்துல இருந்து வெத்து இடம் வரைக்கும் முடி மாதிரி கோடு எல்லாம் ஒரே பக்கமா ஓடுது, காசைத் திருப்பத் திருப்ப ஒளி சுத்தி வரணும்லா, அது வரவே இல்ல. தேச்ச காசைத் தேச்சதுன்னே எழுதுனாங்க பாருங்க, அதுதான் எனக்கு அவங்க மேல நம்பிக்கை வந்த இடம். தயவுசெஞ்சு வீட்டுல இருக்க காசை புளி, சாம்பல், பேஸ்ட் எதுவும் போட்டு தேய்க்காதீங்க.

குறைன்னா, இன்னொரு 1862-க்கு லேபிளே தப்பு. 1862-ன்னு போட்டே வருசக்கணக்கா அடிச்சாங்க, 1874-லதான் திரும்ப வருசம் மாத்துனாங்க, நடுவுல பம்பாய் காசுல பின்பக்கம் புள்ளி எத்தனைன்னு எண்ணித்தான் எந்த வருசம்னு பிரிக்கணும். அந்தப் புள்ளிக் கணக்கையே தப்பா அடிச்சு அனுப்பிட்டாங்க. திருத்திக் குடுத்தாங்கதான், ஆனா கொரியர் செலவு நம்ம தலையில, போன் போட்டா பதில் சொல்ல ஆளு கிடையாது. இத்தனை ஃபீஸ் வாங்குதவங்க இதைக் கவனிக்க வேண்டாமா.

வெளிநாட்டு கம்பெனிக்கு அனுப்பலாம்னு யாராவது சொன்னா கவனமா இருங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருசத்துக்கு மேல ஆன காசை தனிஆளு நாட்டுக்கு வெளிய அனுப்பக் கூடாது, விக்டோரியா, 1911 எல்லாம் அதுலதான் வரும்.

1939 ஆறாம் ஜார்ஜ் ரூபா கிடைக்கிறது அபூர்வம், அதனால போலியும் அதிகம், அது கையில இருந்தா யோசிக்காம அனுப்புங்க. வாங்குததா இருந்தாலும் டப்பால அடைச்சதா வாங்குங்க, சர்டிபிகேட் நம்பரை கம்பெனி சைட்டுல போட்டு அங்க இருக்க போட்டோவையும் கையில இருக்க காசையும் கீறலுக்குக் கீறல் ஒத்துப் பாருங்க, டப்பாவையே போலியா செய்யுதவங்க இருக்காங்க. சாதாரண 1917, 1918 ரூபாக்கெல்லாம் வேண்டாம், அதுல இருக்குத பத்தரை கிராம் சொச்சம் வெள்ளிக்கு மேல பெருசா விலை ஏறாது, ஃபீஸே முழுங்கிரும்.

செங்கோட்டை முன்னால திருவிதாங்கூர்லயும், பொறவு 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்ததால அங்கிட்டு பழைய வீடுகள்ல வெள்ளிச் சக்கரம் கிடக்கும், 28 சேந்தா ஒரு திருவிதாங்கூர் ரூபா, மிளகைத் தட்டி வச்ச மாதிரி துணுக்கு காசு. அதுக்கு டப்பா செலவு தண்டம். அதுக்காக மெத்துன்னு வளையுத பிவிசி கவர்ல போட்டுராதீங்க, பச்சையா கசிஞ்சு காசை அரிச்சுரும். மைலார்னு கெட்டியான பிளாஸ்டிக் கவர் போதும், திருச்செந்தூர், உவரி மாதிரி உப்புக்காத்து அடிக்குத ஊர்க்காரங்க கூட ஈரத்தை உறிஞ்சுத ஒரு சிலிக்கா பாக்கெட்டும் போட்டு வைங்க, டப்பால அடைச்ச காசுக்கும் இது வேணும், அதுக்குள்ளயும் காத்து போகத்தான் செய்யும்.