மழை டீம் கட்டுறவங்களுக்கு போகிமான் ஷோடவுன் எப்படி? ஒரு முழு ரிவ்யூ

போகிமான் ஷோடவுன், அதாவது போகிமான் சண்டைய ஆன்லைன்ல ஆடிப் பாக்குற சைட், இதப் பத்தி பொதுவா எல்லாரும் எழுதிட்டாங்க, ஃப்ரீ, பிரவுசர்லயே ஓடும், 2011-ல இருந்து இருக்கு, கன்சோலே தேவையில்ல, இதெல்லாம் தெரிஞ்ச விஷயம். நான் இங்க பாக்கப்போறது ஒரே ஒரு கோணம்தான். வெதர் டீம், அதாவது மழை, வெயில்னு வானிலைய வச்சு ஆடுற டீம், அதுவும் குறிப்பா மழை டீம் கட்டணும்னு ஆசைப்படுறவங்களுக்கு இந்த சைட் எவ்வளவு தூரம் உதவுது? நான் பெரும்பாலும் டபுள்ஸ், அதாவது ஆறு எடுத்துட்டுப் போய் நாலு இறக்குற விஜிசிங்கற அதிகாரப்பூர்வ போட்டி ஃபார்மட்தான் ஆடுறேன், அதனால உதாரணம் எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

என் பதில முதல்லயே சொல்லிடுறேன். மழை டீமுக்கு இதவிட நல்ல பட்டறை கிடையாது. காரணம் கிராஃபிக்ஸோ ஸ்பீடோ இல்ல, இங்க டர்ன் எண்ணக் கத்துக்கலாம், அதுதான்.

ஏன் எண்ணணும்? மழை பெஞ்சா வாட்டர் அடி எல்லாம் ஒன்றரை மடங்கு, ஃபயர் அடி பாதி, தண்டரும் ஹரிக்கேனும் குறி தப்பவே தப்பாது, ஸ்விஃப்ட் ஸ்விம்ங்கற எபிலிட்டி (போகிமானோட பிறவித் திறமை) இருக்கறவனுக்கு ஸ்பீடு டபுள். கேக்கவே ஜாலியா இருக்கு. ஆனா இது எல்லாமே அஞ்சு டர்னுக்குத்தான், மழை போடுறவன் கைல டேம்ப் ராக்ங்கற ஐட்டம் குடுத்திருந்தா எட்டு. முன்னாடி இப்படி இல்ல. மூணாவது ஜெனரேஷன்ல இருந்து அஞ்சாவது வரைக்கும் எபிலிட்டியால வந்த மழை தானா நிக்கவே நிக்காது, வேற வெதர் வந்து மாத்துற வரைக்கும் பெஞ்சுகிட்டே இருக்கும். 2010-ல பிளாக், ஒயிட் வந்தப்போ போலிடோடுக்கு ட்ரிஸில், அதாவது உள்ள வந்ததுமே மழை கொண்டுவர்ற எபிலிட்டி, குடுத்தாங்க பாருங்க, அதுக்கப்புறம் ஸ்மோகன்ங்கற ரசிகர் தளத்தோட முக்கிய ஃபார்மட் ஓயூ-ல ட்ரிஸிலும் ஸ்விஃப்ட் ஸ்விம்மும் ஒரே டீம்ல இருக்கக் கூடாதுன்னு தனியா ஒரு ரூலே போட வேண்டியதாப் போச்சு, அந்த அளவுக்கு அடி. 2013-ல எக்ஸ், ஒய் வந்ததும் எபிலிட்டி வெதருக்கும் அஞ்சு டர்ன் கணக்கு வந்துடுச்சு. அன்னைலேர்ந்து மழை டீம்ங்கறது பலத்தோட கேம் இல்ல, நேரத்தோட கேம்.

இப்போ ஷோடவுன் அந்த நேரத்த எப்படிக் காட்டுதுன்னு பாருங்க. எதிராளி ட்ரிஸில் இருக்கற பெலிப்பர இறக்குறான், மழை ஆரம்பிக்குது, ஸ்க்ரீன் ஓரத்துல மழைன்னு போட்டு பக்கத்துல அஞ்சு அல்லது எட்டு டர்ன்னு சின்னதா வரும். அடுத்த டர்ன் நாலு அல்லது ஏழு. அவன் கைல டேம்ப் ராக் இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது, அதனால சைட்டும் ரெண்டையும் காட்டிட்டே போகும், அஞ்சு டர்ன் தாண்டியும் மழை நிக்கலன்னாதான் மிச்சம் மூணுன்னு ஒரே நம்பர் ஆகும். உங்களுக்குத் தெரிஞ்சது என்னவோ அத மட்டும் காட்டுது, ஒரு நம்பர் கூட இல்ல, குறைவும் இல்ல. இந்த ஒரு சின்ன வரிய பாத்துப் பாத்தே, எதிராளியோட மழைய அஞ்சு டர்ன் எப்படித் தாக்குப்பிடிச்சு கடத்தறதுன்னு கை தானா பழகிடும். அடிய தடுக்குற ப்ரொடெக்ட் ஒரு டர்ன், எதிராளிய அடிக்க விடாத ஃபேக் அவுட் ஒரு டர்ன், ஸ்விட்ச் ஒரு டர்ன், பாதி மழை போயே போச்சு.

அதே கணக்கு நம்ம பக்கமும் உதைக்கும். பெலிப்பர லீடா, அதாவது ஆரம்பத்துலயே இறக்குனா அஞ்சு டர்ன் முழுசா கைக்கு வரும். நடு டர்ன்ல ஸ்விட்ச் பண்ணி உள்ள கொண்டுவந்தா அந்த டர்னோட முடிவுலயே ஒண்ணு கழிஞ்சுடும், நமக்கு அடிக்கக் கிடைக்கறது நாலுதான். இன்னொண்ணு, இது பல பேர் கவனிக்கறதில்ல: மழை இன்னும் பெஞ்சுகிட்டு இருக்கும்போது பெலிப்பர் வெளிய போயிட்டு மறுபடி உள்ள வந்தா கணக்கு புதுசா ஆரம்பிக்காது, பழைய கணக்கே ஓடும். அதனால யூ-டர்ன் (அடிச்சுட்டு ஆள மாத்துற மூவ்) போட்டு வெளிய எடுத்தா, மழை நின்னதுக்கப்புறம் உள்ள கொண்டுவர்ற மாதிரி ப்ளான் பண்ணணும். இதெல்லாம் எழுத்துல படிச்சா ரெண்டு நாள்ல மறந்துடும், இங்க கண்ணு முன்னாடி நம்பர் இறங்குறத பாத்தா மறக்காது.

அடுத்து டீம்பில்டர். இதுதான் இந்த சைட்டோட உயிர்னு சொல்வேன். பேர டைப் பண்ணா வந்துடும், எபிலிட்டி, ஐட்டம், நாலு மூவ், டெரா டைப் (சண்டை நடுவுல மாத்திக்கற டைப்) எல்லாம் ஒரே பக்கத்துல, ஈவிக்கு (ஸ்டாட்ட ஏத்த நாம பிரிச்சுக் குடுக்குற பாயிண்ட்) இழுக்குற ஸ்லைடர், நீங்க இழுக்க இழுக்க பக்கத்துலயே கடைசி ஸ்டாட் நம்பர் மாறிட்டே இருக்கும். வெதர் டீமுக்கு அந்த நம்பர்தான் முக்கியம். ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். லெவல் 50-ல ஸ்பீடுல 252 ஈவி போட்ட மாடஸ்ட் (ஸ்பீட ஏத்தாத நேச்சர்) கிங்ட்ராவுக்கு ஸ்பீடு 137, ஸ்விஃப்ட் ஸ்விம்னால மழைல டபுள் ஆகி 274. சூப்பரா இருக்கேன்னு தோணும். எதிர்ல டிமிட் (ஸ்பீட ஏத்துற நேச்சர்) ஃப்ளட்டர் மேன் முழு ஸ்பீடுல 205, பூஸ்டர் எனர்ஜிங்கற ஐட்டம் ஸ்பீடுக்குப் போனா 307. சரி கிங்ட்ராவையும் டிமிட் ஆக்கிடலாம்னு பாத்தா 150, டபுள் ஆகி 300. ஏழு பாயிண்ட்ல மாட்டிக்குது! மழைல நாமதான் ஸ்பீடுன்னு நம்பி ட்ராகன் டைப் கிங்ட்ராவ ப்ரொடெக்ட் இல்லாம நிறுத்துனா மூன்பிளாஸ்ட்தான் வரும். அதே இடத்துல பராஸ்கியூடா வச்சா ஸ்பீட ஏத்தாத அடமன்ட்லயே 188, டபுள் ஆகி 376, பூஸ்டர் போட்ட ஃப்ளட்டர் மேனும் பின்னாடிதான். ஆனா பராஸ்கியூடா ஒரு அடி தாங்காது. இந்த முடிவ எடுக்க அஞ்சு நிமிஷம் போதும், ஸ்லைடர இழுத்துப் பாத்துட்டு உடனே லேடர்ல (ரேங்க் ஏத்துற வரிசை) ஒரு மேட்ச் போட்டுப் பாக்கலாம், பிடிக்கலையா, திரும்ப வந்து மாத்தலாம்.

வெதர் சண்டைக்கும் இதே மாதிரிதான். ரெண்டு பக்கமும் வெதர் போடுறவன லீடா இறக்குனா ஸ்பீடு அதிகமானவன் எபிலிட்டி முதல்ல வேல செய்யும், மெதுவானவன் எபிலிட்டி பின்னாடி வந்து அத அழிச்சுட்டு நிக்கும், அதனால இங்க மெதுவா இருக்கறவன்தான் ஜெயிக்கறான். எதிராளி போகிமான் மேல மவுஸ வச்சா அதோட ஸ்பீடு எங்கேர்ந்து எங்க வரைக்கும் இருக்கலாம்னு சைட்டே காட்டும். வெயில் போடுற டோர்கோல் மேல வச்சுப் பாருங்க, 22-ல இருந்து 79. பெலிப்பர் எவ்வளவுதான் குறைச்சாலும் 63-க்கு கீழ போகாது, போட்டிக்கு வர்ற டோர்கோல் எல்லாம் அடிமட்ட ஸ்பீடுலதான் வருது, அதனால டோர்கோல் எதிர்ல பெலிப்பர லீட் பண்றது வெயிலுக்கு நாமளே கதவத் திறந்து விடுற மாதிரி. பெலிப்பர பின்னாடி வச்சுக்கிட்டு, அவன் வெயில் போட்டதுக்கப்புறம் உள்ள கொண்டுவந்து மாத்தணும். மணல் போடுற டைரனிடார் கொஞ்சம் வேற, அதோட பேஸ் ஸ்பீடு 61, பெலிப்பர் 65, ரொம்ப பக்கத்துல இருக்கு, அதனால பெலிப்பருக்கு எவ்வளவு ஸ்பீடு குடுக்கறோம்ங்கறதே ஒரு முடிவாயிடுது. டீமோட ஸ்பீட டபுள் ஆக்குற டெயில்விண்ட சீக்கிரம் போட வேகம் வேணுமா, வெதர் சண்டைக்கு மெதுவா இருக்கணுமா? ரெண்டும் ஒண்ணா கிடைக்காது, நான் டெயில்விண்ட் பக்கம்தான்.

மூவ் மேல மவுஸ வச்சாலும் அந்த நேரத்து வெதருக்கு ஏத்த கணக்கு வரும். வெதர் பால் சும்மா நாள்ல 50 பவர் நார்மல், மழைல 100 பவர் வாட்டர்னு மாறி நிக்கும். டேமேஜ் கால்குலேட்டர் மட்டும் தனிப் பக்கத்துல இருக்கு, அங்க வெயில், மழை, மணல், பனி எல்லாத்துக்கும் பட்டன் இருக்கு, மழை பட்டன அமுக்கிட்டு பாருங்க, அமுக்காமலும் பாருங்க. ரெண்டாவதுதான் முக்கியம்னு நான் நினைக்கறேன். மழை நின்ன ஆறாவது டர்ன்ல உங்க டீம் யார அடிச்சு சாய்க்க முடியும்? யாரையுமே முடியாதுன்னு பதில் வந்தா டீம மாத்தணும்.

அதனாலதான் ஆறு பேரையும் மழைக்காரனா போடாதீங்கன்னு சொல்றேன். பெலிப்பர், மழைய நல்லா பயன்படுத்தற ரெண்டு பேர், மிச்ச மூணு பேர் மழை இல்லாமலும் நிக்கணும். ஆர்ச்சலூடான் இதுக்கு பொறந்தவன். 2023 டிசம்பர்ல இண்டிகோ டிஸ்க் டிஎல்சியோட வந்தது, அதோட மூவ் எலக்ட்ரோ ஷாட் 130 பவர், சாதாரணமா ஒரு டர்ன் சார்ஜ் ஆகணும், மழைல உடனே அடிக்கும், அதோட ஸ்பெஷல் அட்டாக்கும் ஒரு படி ஏறும். ஸ்டாமினா எபிலிட்டி இருந்தா அடி வாங்க வாங்க டிஃபென்ஸ் ஏறும், அசால்ட் வெஸ்ட் குடுத்தா ஸ்பெஷல் பக்கமும் கெட்டி. மழை நின்னாலும் நின்னு ஆடுவான். க்ரவுண்டும் ஃபைட்டிங்கும்தான் பயம், க்ரவுண்ட் அடிய பெலிப்பர் பறக்கறதால வாங்காது, எதிராளி எர்த்குவேக் போட்டா ரெண்டு பேரையும் காக்குற வைட் கார்ட் பெலிப்பர்கிட்ட இருக்கு. இந்த ஜோடி எவ்வளவு அழகா ஒண்ணுக்கொண்ணு பொருந்துதுன்னு டீம் பில்ட் பண்ணிப் பாத்தாதான் தெரியும்.

மழைக்கு சொந்தக்காரன்னு யாரும் கிடையாது, இதையும் சொல்லியாகணும். நீங்க போட்ட மழைல எதிராளியோட ரேபிட் ஸ்ட்ரைக் அர்ஷிஃபு நல்லாவே குளிக்கும், அதோட வாட்டர் மூவ் சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸ் ஏற்கனவே எப்பவும் க்ரிட் (கூடுதல் பலத்தோட விழுற அடி), அதுக்கு மேல ஒன்றரை மடங்கு. வெல்ஸ்ப்ரிங் மாஸ்க் ஓகர்பான் இன்னும் மோசம், வாட்டர் அப்ஸார்ப் இருக்கறதால உங்க வாட்டர் அடிய குடிச்சு ஹெச்பி ஏத்திக்கும், திருப்பி அதோட வாட்டர் மூவ் ஐவி கட்ஜெல்ல மழையோட சேத்து உங்களுக்கே குடுக்கும். டீம்ல வாட்டர் இல்லாத ஒரு நல்ல அடி, புல்லோ மின்சாரமோ, கண்டிப்பா வேணும்.

குறைன்னு பாத்தா, சைட் உங்களுக்கு யோசனை சொல்லாது. வேலிடேட் பட்டன அமுக்குனா இந்த மூவ் இவனுக்கு கிடையாது, இந்த போகிமான் இந்த ஃபார்மட்ல அனுமதி இல்லன்னு சரியா சொல்லும், ஆனா மழை போட ஆளே இல்லாம மூணு ஸ்விஃப்ட் ஸ்விம் வச்சிருந்தாலும் சட்டப்படி சரின்னு விட்டுடும். புதுசா வர்றவங்க இத தெரிஞ்சுகிட்டு வாங்க, இது கருவி, வாத்தியார் இல்ல. ஃபோன்ல பாத்தா டீம்பில்டர் நெருக்கடியா இருக்கும், மவுஸ் வச்சுப் பாக்குற வசதிதான் இதோட பெரிய பலம், ஃபோன்ல அந்த சுகம் வராது, முடிஞ்சா பெரிய ஸ்க்ரீன்ல உக்காந்து கட்டுங்க. டீம கட்டி முடிச்சதும் எக்ஸ்போர்ட் அமுக்கி வர்ற டெக்ஸ்ட காப்பி பண்ணி பத்திரமா வச்சுக்கோங்க, பிரவுசர துடைக்கும்போது டீமும் சேந்து போயிடக் கூடாது.

இன்னொண்ணு, இங்க எல்லாமே உடனே கிடைக்கும், கேம்ல அப்படி இல்ல. ஸ்கார்லெட், வயலட்ல பெலிப்பருக்கு ட்ரிஸில் சாதாரண எபிலிட்டிதான், கீன் ஐ வந்திருந்தா எபிலிட்டி கேப்ஸ்யூல் ஒண்ணுல மாத்திடலாம். போலிடோடுக்கு அது மறைஞ்சிருக்குற எபிலிட்டி, அதுக்கு எபிலிட்டி பேட்ச் வேணும், அது பெரும்பாலும் ஆறு ஸ்டார் ரெய்டு ஆடித்தான் கிடைக்கும். கேப்ஸ்யூல் 1,00,000, நேச்சர் மாத்துற மின்ட் 20,000, ஈவி ஏத்துற விட்டமின் ஒண்ணு 10,000 கேம் காசு. டெரா டைப் மாத்த அந்த டைப்போட டெரா ஷார்ட் 50 வேணும். அதனால முதல்ல இங்க ஆடி டீம் இதுதான்னு முடிவானதுக்கப்புறம் கேம்ல உழைங்க, எவ்வளவு மணி நேரம் மிச்சமாகும்னு சொல்லி முடியாது.

ரீப்ளே வசதி எனக்கு ரொம்ப ரொம்பப் பிடிச்சது. தோத்த மேட்ச சேவ் பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க, டேமேஜ் பாக்காதீங்க, மழை எந்த டர்ன்ல வந்துச்சு, எந்த டர்ன்ல நின்னுச்சு, அதுக்குள்ள எத்தன வாட்டர் அடி போட்டோம், அத மட்டும் பாருங்க. அஞ்சு டர்ன் மழைல ஒரே ஒரு அடி மட்டும் போட்டிருந்தா ஆர்ச்சலூடான் மேலயோ கிங்ட்ரா மேலயோ தப்பு இல்ல, இறக்குற வரிசைலதான் தப்பு.

மணலும் பனியும் கட்டணும்னாலும் இதே வழிதான், எனக்கு அதுல அவ்வளவு பழக்கம் இல்ல. ஒன்பதாவது ஜெனரேஷன்ல ஆலங்கட்டிய எடுத்துட்டு பனி வச்சாங்க, டேமேஜ் கிடையாது, பதிலா ஐஸ் டைப்புக்கு டிஃபென்ஸ் ஒன்றரை மடங்கு, அலோலா நைன்டேல்ஸ் டேமேஜ குறைக்கற அரோரா வெய்லோட வந்தா உடைக்கறது கஷ்டம்தான்.

ஆரம்பிக்கறவங்க நேரா பெஸ்ட் ஆஃப் த்ரீ ஃபார்மட்டுக்குப் போங்க. அங்க ரெண்டு பேரோட டீம் ஷீட்டும் திறந்தே இருக்கும், டேம்ப் ராக் இருக்கா இல்லையான்னு மேட்சுக்கு முன்னாடியே ரெண்டு பேருக்கும் தெரியும், அதனால சும்மா ஒளிச்சு வச்சு ஏமாத்தி ஜெயிக்க முடியாது. முதல் கேம்ல பெலிப்பர லீட் பண்ணீங்கன்னா ரெண்டாவதுல அவன் அதுக்கு தயாரா வருவான், அப்போ பின்னாடி வச்சு இறக்கிப் பாருங்க.