சிலிகலைட்-1 படிகத்தை மெல்லியதாக்க மூன்று வழிகள்: எது தேறும்?

சிலிகலைட்-1 என்பது மூலக்கூறு அளவுத் துளைகள் நிறைந்த சிலிக்கா ஜியோலைட். அதன் படிகம் இயல்பாகச் சவப்பெட்டி வடிவில் வளரும். நேரான துளைகள் 'பி' அச்சில் ஓடுகின்றன, 'ஏ' அச்சில் உள்ளவை வளைந்து நெளிந்து போகின்றன, 'சி' திசையில் நேர்வழியே கிடையாது. மூலக்கூறு உள்ளே போய்வரும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே 'பி' தடிமன் 400 நானோமீட்டரிலிருந்து 100 ஆனால் 16 மடங்கு லாபம். இந்த ஒரு அளவைக் குறைக்கத்தான் இத்தனை பாடும்.

ஃபுளோரைடு வழியை முதலில் ஒதுக்கிவிடலாம். அமோனியம் ஃபுளோரைடு சேர்த்து, நடுநிலையை ஒட்டிய பி.எச்சில் வளர்த்தால் குறைபாடு குறைந்த, நீரை ஒட்டவிடாத அழகான படிகம் கிடைக்கும். ஆனால் அது பத்து மைக்ரான், நூறு மைக்ரான் என்று பருக்கும். ஒற்றைப் படிகத்தில் ஊடுருவலை அளக்க அருமையானது, மெல்லிய தகடு வேண்டுவோருக்கு உதவாது. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு எழும் என்பதால் கையருகே அதன் காயத்துக்குத் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, 2009இல் கொரியாவின் ரியோங் ரியூ குழு காட்டிய வழி. 22 கார்பன் வால் கொண்ட இரட்டை அமோனியம் சோப்பு மூலக்கூறு, தகட்டை 2 நானோமீட்டரிலேயே நிறுத்திவிடுகிறது. மெல்லிமைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. சிக்கல் பிறகு வருகிறது. அந்த மூலக்கூறை இரண்டு கட்டமாக நாமே தயாரிக்க வேண்டும். அதன் தலை துளைக்குள்ளும் வால் தகடுகளுக்கு நடுவிலும் மாட்டிக்கொள்வதால் சுட்டுத்தான் எடுக்க முடியும். அடுக்கடுக்கான தகடுகளாக வளர்ந்திருந்தால், வால் எரிந்ததும் அவை ஒன்றன்மேல் ஒன்று சரிந்து ஒட்டுகின்றன. பாடுபட்டுப் பெற்ற வடிவத்தில் ஒரு பங்கு உலையில் போய்விடுகிறது.

எங்கள் தேர்வு மூன்றாவது: வழக்கமான காரக் கரைசலிலேயே 'பி' வளர்ச்சியைத் தடுக்கும் ஸ்பெர்மினை (நான்கு நைட்ரஜன் கொண்ட அமீன்) சேர்ப்பது. ஹூஸ்டனில் ஜெஃப்ரி ரைமர் குழு 2012இல் இதைக் காட்டியது. துளைகளை, அவற்றுக்கு அச்சாக இருக்கும் டி.பி.ஏ. (டெட்ராபுரொப்பைல் அமோனியம்) அயனி ஏற்கெனவே நிரப்பியிருப்பதால் ஸ்பெர்மின் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் ஒட்டுகிறது, கழுவினால் போய்விடுகிறது. எனக்கு இதுவே தீர்மானமான காரணம். வடிவத்தை மாற்றும் பொருள் உலைக்கு முன்பே வெளியேறிவிட்டால், சுடும்போது கவலைப்பட டி.பி.ஏ. மட்டுமே மிஞ்சும். அதற்கு நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 550 டிகிரி வரை ஏற்றும் பழைய முறையே போதும்.

செய்முறை: 1 மோலார் டி.பி.ஏ. ஹைட்ராக்சைடு 8 மி.லி., நீர் 68 மி.லி., ஸ்பெர்மின், அதன்பின் சிலிக்கா தரும் டி.இ.ஓ.எஸ். (டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்) 5.2 கிராம். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் முழுக்க மறைந்து ஒரே தெளிந்த திரவமாகும் வரை மூடிக் கலக்குங்கள். அவசரப்பட்டு உலைக்கு அனுப்பினால் கரையாத மிச்சம் உருவமில்லாச் சிலிக்காவாக அடியில் தங்கும். 125 மி.லி. டெஃப்லான் குவளையில் இது மூன்றில் இரண்டு பங்கு நிற்கும், அதற்கு மேல் நிரப்பக் கூடாது. பிறகு 165 டிகிரியில் ஓர் இரவு. ஸ்பெர்மின் இல்லாத குவளை ஒன்று, 0.1, 0.25, 0.5 கிராம் சேர்த்தவை மூன்று என நான்கையும் ஒரே உலையில் வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்பெர்மின் 30 டிகிரிக்குக் கீழே உறைந்து நிற்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுக்கும். எடைபோடத் தொந்தரவு என்று அதன் டெட்ராஹைட்ரோகுளோரைடு உப்பை வாங்குகிறார்கள். ஒரு மோல் உப்பு நான்கு மோல் காரத்தைத் தின்னும். 0.1 கிராம் ஸ்பெர்மினுக்கு ஈடான உப்பு, குவளையிலுள்ள 8 மில்லிமோல் காரத்தில் 2 மில்லிமோலைக் காலி செய்துவிடும். 0.5 கிராமுக்கு ஈடாகப் போட்டால் காரமே மிஞ்சாது. படிகம் மாறியிருந்தாலும் அது பி.எச். விழுந்ததன் விளைவே தவிர ஸ்பெர்மின் செய்த வேலை இல்லை. உப்புதான் கையில் இருக்கிறதென்றால் ஈடான டி.பி.ஏ. ஹைட்ராக்சைடைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். தகடுகள் 'பி' முகத்தில் படுத்துக்கொள்வதால் மின்னணு நுண்ணோக்கியில் நீள அகலம்தான் கண்ணில் படும். விளிம்பில் நிற்கும் படிகங்களைத் தேடி அவற்றில் மட்டுமே தடிமனை அளக்க வேண்டும். பக்கவாட்டில் குறுக்காக முளைத்த இரட்டைகளையும் எண்ணுங்கள். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகின் 'ஏ', 'பி' நீளங்கள் 20.07, 19.92 ஆங்ஸ்ட்ராம் என்று கிட்டத்தட்ட சமமாக இருப்பதால் 90 டிகிரி திரும்பிய படிகம் எளிதாக ஒட்டி வளரும். அந்தத் துண்டில் நேரான துளை வேறு பக்கம் பார்க்கும்.

செலவு என்று பார்த்தால் யூரியா மிக மலிவு, அதுவும் 'பி' வளர்ச்சியைத் தடுக்கும். ஆனால் இந்த வெப்பத்தில் அது அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் சிதைந்து, காரத்தைக் குறைத்து, குவளையில் அழுத்தத்தையும் ஏற்றும். இதே அமைப்பில் அலுமினியம் கலந்த இசட்.எஸ்.எம்-5 என்ற ஜியோலைட்டுக்கு மேலே சொன்ன ஸ்பெர்மின் அளவு அப்படியே பொருந்தும் என்று நான் உறுதி தரமாட்டேன். அங்கே சோடியமும் அலுமினியமும் மேற்பரப்பின் மின்னூட்டத்தை மாற்றுகின்றன, அதனால் நான்கு குவளைச் சோதனையை மறுபடி முதலிலிருந்தே செய்ய வேண்டும்.