ஒரு இன்ஸ்டாலருக்காக 1.8 ஜி.பி.: எக்ஸியை கிட்டில் வைக்கலாமா?

கும்பகோணத்தில் மூன்று பேர் சேர்ந்து அரிசி மில்களுக்கு எடைமேடை மென்பொருள் எழுதுகிறோம். போன தை மாதம், சம்பா அறுவடை மும்முரத்தில், நீடாமங்கலம் பக்கம் ஒரு மில்லில் நாங்கள் போட்ட புதுப் பதிப்பு ஈரப்பதக் கழிவைத் தப்பாகக் கழித்தது. வெளியே நெல் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. எனக்கு வேண்டியது முந்தைய பதிப்பின் 12 எம்.பி. இன்ஸ்டாலர் (எக்ஸி ஃபைல்) ஒன்றுதான். அது எங்கள் ரெப்போவுக்குள் இருந்தது; நிரலின் பழைய பதிப்புகளையெல்லாம் காத்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளின் களஞ்சியம்தான் ரெப்போ. சர்வரில் எஸ்எஸ்எச் (கட்டளை வழித் தொடர்பு) மட்டும்தான், பிரவுசரில் திறக்க வெப் பக்கம் கிடையாது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் க்ளோன் போட்டேன், அதாவது ரெப்போவை முழு வரலாற்றோடு நகலெடுத்தேன். 1.8 ஜி.பி. இறங்கத் தொடங்கியது. மூன்று வருடத்தில் 150 தடவை கமிட் செய்த (ரெப்போவில் பதிந்த) இன்ஸ்டாலர்கள் அத்தனையும் அதில் இருந்தன.

சோர்ஸ், அதாவது நாங்கள் எழுதும் நிரல், இப்படி வீங்காது. ஒத்த பதிப்புகளுக்கு வித்தியாசத்தை மட்டும் சேமித்து கிட் இடத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் இன்ஸ்டாலர், ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்) போன்றவை ஏற்கெனவே அமுக்கிய ஃபைல்கள். நிரலில் ஒரு வரியைத் திருத்தினாலும் உள்ளே பெரும்பகுதி பைட்டுகள் மாறிவிடும். ஃபைலை அழித்தாலும் வரலாற்றில் தங்கிவிடும். இருவர் ஒரே சமயத்தில் பில்ட் செய்து (நிரலை இன்ஸ்டாலராக்கி) ஏற்றினால், இரண்டையும் மெர்ஜ் செய்து ஒன்றாக்கவும் வழியில்லை.

இந்த விஷயத்தில், கிட் போலவே பதிப்புகளைக் காக்கும் இன்னொரு மென்பொருளான சப்வெர்ஷன் தேவலை. செக்அவுட்டில் கேட்ட பதிப்பு மட்டும் வரும், ஃபைலைப் பூட்டியும் வைக்கலாம். ஆனால் சர்வர் தொடர்பு இல்லாமல் கமிட் செய்ய முடியாது. மில்லுக்கு மில் அலைகிற எங்களுக்கு அது சரிப்படாது.

பெரிய ஃபைல்களுக்காக 2015-ல் வந்த கிட்டின் துணைக் கருவி கிட் எல்எஃப்எஸ். அது ரெப்போவில் மூன்று வரிச் சுட்டியை மட்டும் வைக்கும்: விதிமுறைப் பதிப்பு, ஷா-256 எண் (ஃபைலின் கைரேகை போன்றது), அளவு. நிஜ ஃபைல் வேறிடத்தில் இருக்கும், தேவையான பதிப்புக்கு மட்டும் இறங்கும். படம், ஆடியோ வைத்திருப்பவர்களுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் எல்எஃப்எஸ் நிறுவாத கம்ப்யூட்டரில் எக்ஸி என்ற பெயரில் அந்த மூன்று வரிதான் வந்து நிற்கும். லாரிகள் காத்திருக்கும்போது அதை வைத்து என்ன செய்ய?

நாங்கள் தேர்ந்தெடுத்தது ரிலீஸ் முறை. ரெப்போவில் சோர்ஸ் மட்டும் இருக்கும். ஒரு பதிப்புக்கு டேக் (பெயர் அடையாளம்) போட்டதும் பில்ட் மெஷின் இன்ஸ்டாலரைத் தயாரித்து, கிட் ரெப்போக்களை வைக்கும் இணையதளமான கிட்ஹப்பின் ரிலீஸ் பக்கத்தில் சேர்த்துவிடும். ரெப்போவில் ஒரு ஃபைல் 100 எம்.பி.யைத் தாண்டினால் கிட்ஹப் ஏற்காது, ரிலீஸிலோ 2 ஜி.பி. வரை இடமுண்டு. பிரவுசர் இருந்தால் போதும், மில் கணக்கரே இறக்கிக்கொள்வார். டேக் இருக்கிறதே, பிறகு பில்ட் செய்துகொள்ளலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். நிரலை எக்ஸியாக்கும் கம்பைலரின் பதிப்பு மாறினாலே வேறு எக்ஸிதான் வரும். அனுப்பியதையே பத்திரமாக வையுங்கள்.

ஒன்றை மட்டும் ரெப்போவிலேயே விட்டோம்: எடையைக் காட்டும் எடைமேடை இண்டிகேட்டரோடு பேச உதவும் 300 கே.பி. டிஎல்எல் (துணை நிரல் ஃபைல்). அதன் சோர்ஸ் எங்களிடம் இல்லை, அது மாறப்போவதும் இல்லை.

பழைய பாரத்தை, ரெப்போ வரலாற்றைத் திருத்தி எழுதும் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி கொண்டு வெட்டினோம். கமிட் எண்கள் மாறியதால் மூவரும் புதிதாக க்ளோன் எடுத்தோம், இப்போது 9 எம்.பி.தான். வெட்டுவதற்கு முன் மில்களில் ஓடும் பதிப்புகளின் இன்ஸ்டாலர்களை எடுத்து ரிலீஸில் ஏற்றிவிடுங்கள்.