அசையும் கேமராவுடன் தேக்காவில் ஓர் இரவு: ஒளிப்படப் பயிலரங்கு குறித்து

தீபாவளி ஒளியூட்டுக் காலத்தில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலைப் பகுதியில் நடந்த மூன்று மணி நேர இரவு ஒளிப்படப் பயிலரங்கில் 90 வெள்ளி கட்டிச் சேர்ந்தேன். இரவில் படமெடுக்க முக்காலியில் கேமராவை அசையாமல் நிறுத்தியே பழகிய எனக்கு, ஷட்டர் (கேமராவுக்குள் ஒளியை விடும் திரை) திறந்திருக்கும்போதே கேமராவை வேண்டுமென்றே நகர்த்தும் இந்த முறை தொடக்கத்தில் தயக்கத்தைத் தந்தது.

ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்சின் துளை அளவு) 11, ஷட்டர் அரை நொடி என்று வைக்கச் சொன்ன பயிற்றுநர், லென்சின் அதிர்வுத் தடுப்பையும் அணைக்கச் சொன்னார். நாம் தரும் அசைவையும் அது கைநடுக்கமாகக் கருதித் திருத்த முயலுமாம். சாலைக்குக் குறுக்கே இருந்த அலங்கார வளைவை நோக்கி, கேமராவை மேலிருந்து கீழாகச் சீராக இறக்கினோம். விளக்குகள் கோடுகளாக நீண்டன. ஆனால் சில கோடுகள் மட்டும் முத்துக் கோத்தாற்போலப் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தன. கேமராவில்தான் கோளாறு என்று நினைத்தேன். சிங்கப்பூரின் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது என்பதையும், ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இருமுறை உச்சத்தை எட்டுவதால் சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன என்பதையும், நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கத்தை நகரும் கேமரா வரிசையாகப் பரப்பிக் காட்டிவிடுகிறது என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். அரை நொடிக்கு ஐம்பது புள்ளிகள் இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். நாற்பத்தெட்டு வரை தெளிவாகவே எண்ண முடிந்தது. கட்டிய கட்டணத்துக்கு இந்த ஒரு பாடமே ஈடு.

கேம்பல் லேனில் பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் அனுமதி கேட்டு, ஷட்டர் மூடும் தறுவாயில் ஃபிளாஷ் வெடிக்கும்படி வைத்து எடுத்தோம். முகத்தில் கடை விளக்கு விழாத நிழலான இடத்தில் அவர் அமர்ந்திருந்ததால், முகம் கூர்மையாக நின்றது. சுற்றியிருந்த விளக்குகள் மட்டும் வழிந்தோடின.

டார்ச் ஒளியால் காற்றில் கோடுகள் வரைந்து படமெடுக்கும் பகுதியோ ஏமாற்றமளித்தது. கடைசி இருபது நிமிடங்கள், பத்துப் பேருக்கு ஒரே டார்ச், அதுவும் தெருவிளக்கு எரியும் சந்தில். பத்து நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால் தெருவிளக்கின் வெளிச்சமே படத்தை வெளிறச் செய்துவிடும். அப்பகுதியைத் தனியாக, இருட்டான கடற்கரையில் நடத்தியிருக்க வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் கடைகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதையை நாங்கள் அடைத்து நின்றதும் எனக்குச் சங்கடமாக இருந்தது. வேலை நாளில் ஆறு பேருடன் நடத்தினால், ஷட்டர் நேரத்தைத் தாமே மாற்றத் தெரிந்தவர்கள் தயங்காமல் சேரலாம்.