இரவுத் தூக்கத்தைப் பதிவு செய்யும் ஆக்ஸிமீட்டர்: யாருக்கு உதவும்?

அப்பாவுக்குச் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் சுருங்கி மூச்சுவிடச் சிரமப்படுத்தும் நாள்பட்ட நுரையீரல் நோய். பகலில் உட்கார்ந்த நிலையில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் சாதாரண விரல் கிளிப் 93, 94 சதவீதம் என்று காட்டும். ஆனாலும் எழுந்ததும் தலைவலி, நாள் முழுக்கச் சோர்வு. அதனால்தான் மணிக்கட்டில் கட்டி, விரலில் ரப்பர் உறை மாட்டி, விடியும் வரை அந்த அளவைப் பதிவு செய்யும் இந்தக் கருவியை வாங்கினோம்.

இதன் அருமை இரவுப் பதிவில்தான் தெரிகிறது. விடியற்காலையில் கோடு 90-க்குக் கீழே இறங்கி, 84 வரை போயிருந்தது. மருத்துவர் காரணம் சொன்னார். கனவு வரும் தூக்கத்தில் கழுத்து, விலாத் தசைகள் தளர்ந்துவிடும். மூச்சிழுக்கும் வேலை முழுக்க நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசையின் தலையில் விழும். இந்த நோயில் நுரையீரல் உப்பி, உதரவிதானம் ஏற்கெனவே தட்டையாகிப் போயிருக்கும். அந்த வகைத் தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகம். பகலில் எத்தனை முறை பார்த்தாலும் இது பிடிபடாது.

நடைக்கு இதை நம்பாதீர்கள். கை ஆடினால் எண் தாவுகிறது. விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் மோசம். ஆனால் நடக்கும்போது அளவு குறைவது உண்மையான பிரச்சினை: ரத்தம் நுரையீரலை வேகமாகக் கடப்பதால் ஆக்ஸிஜன் ஏற நேரம் போதாது. அதற்கு மருத்துவமனையில் செய்யும் ஆறு நிமிட நடைப் பரிசோதனைதான் சரி. வீட்டில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், நின்று, கையை அசைக்காமல், எண் நிலைத்த பிறகு பாருங்கள்.

இன்னொன்று, நம் போன்ற கருந்தோல்காரர்களுக்கு இது முக்கியம். இந்தக் கருவிகள் உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டலாம் என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. 90 என்று காட்டினால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அதனால் அப்பாவுக்கு, ரத்தத்தை எடுத்து ஆக்ஸிஜனை நேரடியாக அளக்கும் ரத்த வாயுப் பரிசோதனையும் எடுத்தார்கள்.

அதிர்வு அலாரத்தை 88-இல் வைத்தோம். அது அப்பாவை எழுப்பி எழுப்பித் தூக்கத்தையே கெடுத்தது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு அணைத்தோம், இப்போது பதிவு மட்டும்தான். அப்புறம், எண் குறைகிறதே என்று வீட்டு ஆக்ஸிஜனை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். சிலருக்குக் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரை போய்விடும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது உறைக்காக: மெலிந்த விரலில் நழுவி, சில இரவுகளின் பதிவு பாதியில் நின்றுபோனது. சிறிய அளவு உறையும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.